புதுக்கடையில் சாமிமார் நின்ற வரிசை

இருபத்தொன்பது வயதில் ரிட்டயர் ஆகிவிட்டேன் என்று சொன்னால் வீட்டிலேயே ஒருவரும் நம்பவில்லை. நம்பாவிட்டால் போகட்டும். வெள்ளவத்தையில், காலி வீதியில் இருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்த சட்டத்தரணி அலுவலகத்தில் பரா லீகலாகச் சேர்ந்தேன். போன மாதம் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். சட்டக்கல்லூரி நுழைவுப் பரீட்சை பாஸ். இனிக் கறுப்புக் கோட் போட்டுக்கொண்டுதான் புதுக்கடை நீதிமன்றப் பக்கம் வருவேன். அதற்கு முன்னால், டிப்ளோமா வகுப்புத் தங்கச்சிமார் வட்ஸ்அப் குழுவில் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் போகிறேன். கேள்வி இதுதான்: "அக்கா, பரா லீகல் எண்டா டைப் அடிச்சு போட்டோக்கொப்பி எடுக்கிற வேலைதானே? அதை இப்ப ஃபோனே செய்யும் எல்லோ?"

வந்த கோபத்தில் ஒரு வொய்ஸ் நோட் அனுப்பினேன். உடனேயே அழித்தும் விட்டேன். எழுதினால்தான் சரிவரும்.

டைப் அடிப்பது உண்டு. போட்டோக்கொப்பி எடுப்பது உண்டு. மெஷின் இறுகினால் கதவைத் திறந்து கடதாசியை இழுப்பதும் உண்டு. முதல் ஒன்றரை வருடம் அதைத்தான் செய்தேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. அதன் பிறகுதான் வேலை தொடங்கியது. சிவில் வழக்கு என்றால் பொறுமை. கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டுக்குப் பாகப்பிரிவினை வழக்கு. சகோதரர்கள் ரொறொன்ரோவில் ஒருவர், லண்டனில் ஒருவர், வத்தளையில் ஒருவர். மூவரும் ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை, என்னோடு மட்டும் கதைப்பார்கள். ஒருவருடைய சத்தியக்கடதாசியை வாங்கி, மற்றவருடைய கோபத்தை வடிகட்டி, நில அளவையாளர் வரும் நாளில் மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரரின் நாயைக் கட்டச் சொல்லி, இப்படியே போகும். விசாரணைக்கென்று லண்டன்காரர் விமானம் ஏறி வந்து நின்ற நாளில் நீதிபதி லீவு. அவரை விமான நிலையத்துக்குத் திருப்பி அனுப்பும்போது அவர் சொன்ன வசனங்களை இங்கே எழுத முடியாது.

கிரிமினல் வழக்கு வேறு. அங்கே ஒரு மனிதன் கூட்டுக்குள் நிற்பான். வழக்குத் தவணை தள்ளிப்போனால் கடதாசி காத்திருக்கும், அவனால் காத்திருக்க முடியாது. அந்தப் பயம் உங்களுக்கு வயிற்றில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வங்கியில் வேலை தேடுங்கள்.

அலுவலகத்தின் சட்டத்தரணி, எங்கள் மேடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பம்பலப்பிட்டியில் படித்த யாழ்ப்பாணத்துக்காரர். குரலை உயர்த்த மாட்டார். ஃபைலை நின்றுகொண்டுதான் வாசிப்பார். இருந்தால் நித்திரை வருமாம். வாசித்து மூடிவிட்டு எங்களைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இதில இல்லாதது என்ன?" இருப்பதைப் பற்றிக் கேட்கவே மாட்டார். முதல் வருடம் எனக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. விளங்கிய பிறகு அவர் கேட்க முன்னமே நான் சொல்லத் தொடங்கினேன். பாராட்டுவதென்றால் பேசாமல் இருப்பார். அவர் பேசாமல் இருந்த நாட்கள் எல்லாம் எனக்கு நல்ல நினைவு. அதிகம் இல்லை.

இனி நிரோஷனின் வழக்கு.

நிரோஷனுக்கு இருபத்தாறு வயது. கொட்டாஞ்சேனையில் ஃபோன் திருத்தும் கடையில் வேலை. ஐயப்பனுக்கு மாலை போட்டு, கறுப்புடுத்தி, தாடி வளர்த்து, வெறுங்காலோடு விரதத்தில் இருந்த காலத்தில் பொலிஸ் அவனைப் பிடித்தது. கோயிலுக்குப் பக்கத்து ஒழுங்கையில் ஒரு அம்மாவின் தாலிக்கொடியை ஒருவன் அறுத்துக்கொண்டு ஓடியிருக்கிறான். அம்மா வெள்ளவத்தையில் இருப்பவர், கொட்டாஞ்சேனைக்குத் தங்கையைப் பார்க்க வந்தவர். "மெலிஞ்ச பெடியன், கறுவல், தாடி" என்று முறைப்பாட்டில் சொல்லியிருந்தார். அடுத்த நாள் அதே ஒழுங்கையில், பூசைக்கு நேரமாகும் வரை நின்றுகொண்டிருந்தவன் நிரோஷன். மெலிந்தவன், கறுவல், தாடி. சங்கிலி அவனிடம் இல்லை. வேறு சாட்சி இல்லை. கமராவில் ஒரு முதுகு மட்டும் ஓடுகிறது.

அவனுடைய அம்மா அலுவலகத்துக்கு வந்து அழுதது வழக்கைப் பற்றி அல்ல. சிறைக்கூட்டுக்குள் போட முன் பெல்ட், ஃபோன், கழுத்தில் கிடந்த மாலை எல்லாவற்றையும் கழற்றி எடுத்துவிட்டார்களாம். கயிறு எதுவும் உள்ளே விட மாட்டார்கள். "மாலையைக் கழட்டினா விரதம் முறிஞ்சுதோ, பிள்ளை?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு அந்தச் சட்டம் தெரியாது என்று சொன்னேன்.

எல்லாம் அடையாள அணிவகுப்பில் வந்து நின்றது. தெரியாதவர்களுக்காக: சந்தேக நபரை, அவரைப் போலவே உயரம், நிறம், வயது, தோற்றம் உள்ள வேறு ஆட்களோடு வரிசையில் நிறுத்துவார்கள். நீதவான் முன்னிலையில் சாட்சி வந்து பார்த்து, இவர்தான் என்றால் தோளைத் தொட வேண்டும். அந்த அம்மா நிரோஷனைத் தொட்டால் வழக்கு மேல் நீதிமன்றத்துக்குப் போகும், வருடக்கணக்கில் உள்ளே. தொடாவிட்டால் அவர்களிடம் ஒன்றும் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

இந்த இடத்தில் பரா லீகலின் வேலை என்ன? அவன் முகத்தை முன்கூட்டியே யாரும் பார்க்காமல் காப்பது. முதல் நாளே எனக்கு வேலை வந்தது: நிரோஷனின் மச்சான் ஒருவர் "என் மச்சான் குற்றவாளி இல்லை" என்று அவன் படத்தோடு ஃபேஸ்புக்கில் போட்டிருந்தார். பாசம்தான். அந்தப் படத்தைச் சாட்சி பார்த்திருந்தால் அணிவகுப்பே வேண்டாம். அவருக்கு ஃபோன் எடுத்து, படத்தைத் தூக்கும் வரை லைனில் நின்றேன். பிறகு நீதிமன்றத்துக்குக் கொண்டுவரும்போது தலையில் துவாய் போட்டு மூடியிருக்கிறார்களா, சாட்சியை எந்தப் படிக்கட்டால் கூட்டி வருகிறார்கள், இரண்டு பாதையும் எங்கே சந்திக்கின்றன, எல்லாம் நடந்து பார்த்து வைத்தேன்.

முதல் தவணையில் நீதிமன்றப் பதிவாளர், வளவுக்குள் நின்ற ஆட்களைத் திரட்டி வரிசையாக்கினார். நல்ல ஆட்கள்தான். ஒருவருக்கும் தாடி இல்லை. மேடம் எழும்பி, ஒரு தாடியை எட்டு வழித்த முகங்களுக்கு நடுவில் வைப்பது அணிவகுப்பு இல்லை, விரல் காட்டுவது என்றார். நீதவான் ஒத்துக்கொண்டார். ஆனால் தாடிகளுக்கு நான் எங்கே போவேன், சந்தேக நபர் வழித்துக்கொண்டு வரட்டும், அல்லது உங்கள் பக்கம் ஆட்களைக் காட்டுங்கள், பதிவாளர் தெரிவு செய்வார் என்றார். சாட்சிக்கு முன்பின் தெரிந்தவர்களாக இருக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு பொலிஸும் எதிர்ப்புச் சொல்லவில்லை. தவணை தள்ளிப்போனது.

கீழே கூட்டுக்குப் போனோம். கம்பிக்கு அந்தப் பக்கம் நிரோஷன். மேடம் எப்போதும் போல் மெல்லச் சொன்னார்: "தம்பி, வழிச்சா அலுவல் முடிஞ்சுது. தாடி திரும்ப வளரும். உள்ளுக்குப் போற வருஷம் திரும்பி வராது."

அவன் கம்பிக்குக் கிட்ட வந்தான். "மாலையைக் கழட்டினது அவங்கள், மேடம். அதுக்கு நான் பொறுப்பில்லை. தாடியை எடுத்தா, அது நான் எடுத்ததா இருக்கும்."

மேடம் வற்புறுத்தவில்லை. படியேறும்போது என் பக்கம் திரும்பினார். அந்தக் கேள்வியைக் கேட்க அவர் வாயைத் திறக்க முன்னமே நான் சொல்லிவிட்டேன்: "தாடி எட்டு. நான் பாக்கிறன், மேடம்."

கொழும்பில் அந்த மாதத்தில் தாடி தேடுவது கஷ்டமா? அன்று பின்னேரமே கொட்டாஞ்சேனையில் ஐயப்ப சாமிமார் பஜனை செய்யும் மண்டபத்துக்குப் போனேன். பெண்பிள்ளை, அதுவும் என் வயதில். அதனால் வாசலிலேயே நின்றேன். குருசாமி எழும்பி வந்தார். புறக்கோட்டையில் உடுப்புக்கடை வைத்திருப்பவர், பூர்வீகம் தமிழ்நாடு. "ஏம்மா வாசல்லயே நிக்கிறீங்க, உக்காருங்க" என்று ஒரு பிளாஸ்டிக் கதிரையை வெளியே போடச் செய்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். உள்ளே பாட்டு நின்றுவிட்டது.

ஒரு சாமி சொன்னார்: "பொலிஸ் எங்களைத் தேடி வந்து பிடிச்ச காலம் போய், நாங்க தேடிப் போய் நிக்கிற காலம் வந்துட்டுது, சாமி." எல்லோரும் சிரித்தார்கள். மூலையில் இருந்த ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. சுதன் என்று பெயர். முப்பதைத் தாண்டியும் மெலிந்து பெடியன் மாதிரித்தான் இருப்பார். பம்பலப்பிட்டியில் கணக்காளர் கந்தோர் ஒன்றில் வேலை. "நான் நிண்டிருக்கிறன்" என்றார்.

யுத்த காலத்தில், படிக்க வந்து வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்தாராம். ஒரு விடியக்காலை ஆமிக்காரர் எல்லோரையும் இறக்கி வீதியில் வரிசையாக நிறுத்தினார்கள், கையைப் பின்னால் கட்டி. ஜீப்புக்குள், ஆள் காட்டிக்கொடுப்பதற்கென்று, தலையில் சாக்கு மூடிய ஒருவன். சாக்கில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக முன்னால் கொண்டுபோவார்கள். அவன் தலையாட்டினால் அந்த ஆள் வண்டியில். சுதனுக்குத் தலை ஆடவில்லை. பக்கத்துக் கட்டிலில் படுக்கிறவனுக்கு ஆடியது.

எதற்கும் பதில் வைத்திருப்பவள் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் அவருக்கு, அணிவகுப்பில் நடப்பதை மட்டும் நடக்கிறபடி சொன்னேன். சாக்கு இல்லை, சாட்சியின் முகம் உங்களுக்குத் தெரியும். நீதவான் இருப்பார், எழுதுவார். எங்கள் மேடம் அறைக்குள்ளேயே நிற்பார். தவறி உங்களைத் தொட்டாலும் உங்கள் பெயரைக் கேட்டு எழுதிவிட்டுப் போகச் சொல்வார்கள்.

"போகச் சொல்லுவினமோ?" என்று சுதன் கேட்டார்.

"ஓம் அண்ணா."

அவர் மாலையைக் கையால் ஒருமுறை தடவினார். "அந்தப் பெடியனை எனக்குத் தெரியாது. அவன் நிக்கிற இடம் தெரியும். வாறன்."

அவர் வருகிறார் என்றதும் மற்றவர்களும் வந்தார்கள். அணிவகுப்பு நாள் காலை புதுக்கடை வளவுக்குள் கறுப்பு வேட்டியும் தாடியும் வெறுங்காலுமாக ஒரு கூட்டம் இறங்கியபோது சட்டத்தரணிமார் ஃபோனை எடுத்துப் படம் பிடித்தார்கள். பதிவாளர் சிங்களத்தில், தங்கச்சி, யாத்திரை பஸ் பாதை மாறி வந்துவிட்டதா என்று கேட்டார். ஒவ்வொருவராகப் பார்த்து எட்டுப் பேரைத் தெரிவு செய்தார். குருசாமியை ஒதுக்கிவிட்டார், நரை. "என் தாடிக்கு என்ன சார் குறை?" என்று குருசாமி கோபித்துக்கொண்டு விறாந்தைக்கு வந்து நின்றார்.

நிரோஷனைக் கொண்டுவந்து, பக்கத்து அறையில் கதவைச் சாத்திவிட்டுத் துவாயை எடுத்தார்கள். ஒன்பது தாடிகள், ஒன்பது கறுப்பு வேட்டிகள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த கணம் இறங்கியது.

எட்டுக் கழுத்தில் மாலை. ஒரு கழுத்து வெறுமை.

எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. சாமிமாருக்கு மாலை என்பது தோலைப் போல, அது கண்ணில் படாது. நாங்கள் தாடி தாடி என்று அலைந்ததில் கழுத்தை மறந்தோம். தாடி இல்லாதவர்களுக்கு நடுவில் நின்றதைவிட இப்போது மோசம். "மேடம், கழுத்து" என்று காதில் சொன்னேன். அவர் ஏற்கனவே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொலிஸ் அதிகாரி, கழற்றி வைக்கச் சொல்லுங்கள் என்றார். மலைக்குப் போய் வரும் வரை கழற்ற முடியாது என்று சாமிமார் ஒரே குரலில் சொன்னார்கள். அப்படியானால் நிரோஷனுக்கும் ஒன்றைப் போடுவோம் என்றேன். விளக்கமறியல் கைதியின் கழுத்தில் கயிறு ஏறினால் தன் வேலை போய்விடும் என்றார் சிறைக் காவலர். அதுவும் நியாயம்தான். மேடம் நீதவானிடம் சிறிது நேரம் கேட்கப் போனார். நான் விறாந்தைக்கு ஓடினேன், என்ன செய்யப் போகிறேன் என்று தெரியாமலே.

குருசாமி சுவரில் சாய்ந்து நின்றார். விஷயத்தைச் சொன்னதும் கோபம் பறந்துவிட்டது. "கழுத்து மூடணும், அவ்வளவுதானே? காலர் வச்ச சேர்ட் போதுமாம்மா?" என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் கடைக்கு ஃபோன் எடுத்தார். புறக்கோட்டை அங்கிருந்து கூப்பிடு தூரம். ஓட்டோ ஒன்றில் வெள்ளை சேர்ட் பொதி வந்து இறங்கியது. ஊசி கழற்றாத புது சேர்ட்டுகள். சிறைக் காவலர் நிரோஷனுடையதைக் கையெல்லாம் உதறிப் பார்த்துக் கொடுத்தார்.

விரதத்தில் வெள்ளை உடுத்தலாமா என்று அறைக்குள் இன்னொரு வழக்கு எழும்பியது. குருசாமி வாசலில் நின்றே தீர்ப்புச் சொன்னார்: "கறுப்புக்கு மேல போடுங்க, சாமி. ஐயன் உள்ளதான் பார்ப்பான்."

கழுத்துப் பொத்தான் வரை பூட்டினார்கள். பழைய மாணவர் சங்கக் கூட்டத்துக்கு வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். நான் மறுபடி ஒரு தரம் தலையில் இருந்து கால் வரை பார்த்தேன். எட்டு நெற்றியில் திருநீறு, சந்தனம்; நிரோஷனுக்கு இல்லை. துடைக்கச் சொன்னேன். காலைப் பார்த்தேன். எட்டுப் பேர் வெறுங்கால், நிரோஷன் மட்டும் செருப்போடு. விளக்கமறியலில் அவன் அம்மா கொடுத்துவிட்ட செருப்பு. "கழட்டுங்கோ" என்றேன். அவன் அதற்காகவே காத்திருந்தவன் போலக் கழற்றினான். இதை எந்த ஃபோன் செய்யும் என்று தங்கச்சிமார் எனக்கு எழுதி அனுப்பவும்.

அணிவகுப்பு அறைக்குள் எனக்கு இடம் இல்லை. கதவுக்கு வெளியே நின்றேன். சாட்சி அம்மா நான் நடந்து பார்த்த மற்றப் படிக்கட்டால் வந்தார், நேராக உள்ளே போனார். கைப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தார். வெறும் கழுத்து. அதைப் பார்த்தபோது முதல் தடவையாக அவருக்காகவும் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

உள்ளே நடந்தது பிறகு தெரிந்தது. வரிசையின் இந்தத் தலையில் இருந்து அந்தத் தலைக்குப் போனார். திரும்பி வந்தார். நிரோஷனுக்கு முன்னால் நின்று பார்த்தார். அவனைக் கடந்து போனார். கடைசிக்கு முன்னால் நின்றவரின் தோளில் கையை வைத்தார்.

சுதன்.

கதவு திறந்து மேடம் வந்தார். என்னைத் தாண்டி நடந்தார். ஒன்றும் பேசவில்லை. விறாந்தையின் கடைசி வரை பேசவில்லை. அந்த மௌனத்தை சேர்டிஃபிகேட் மாதிரி ஃபிரேம் போட முடிந்தால் போட்டிருப்பேன்.

அடுத்த தவணையில் வேறு சாட்சியம் இல்லை என்று பொலிஸ் சொல்ல, நீதவான் நிரோஷனை விடுவித்தார். விரதம் முறிந்ததா என்ற கேள்வியைக் குருசாமி தீர்த்துவைத்து, புது மாலை போட்டு, அவனை மலைக்குக் கூட்டிப் போனார். சங்கிலி கிடைக்கவில்லை. அறுத்தவனும் கிடைக்கவில்லை. வெற்றி என்று நான் சொல்லும்போது அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆனால் அந்த நாளில் எனக்கு மறக்காதது இன்னொன்று. எல்லோரும் சேர்ட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போன பிறகும் சுதன் விறாந்தையில் கிடந்த நீள மர வாங்கில் இருந்தார், பொத்தான் பூட்டியபடியே. ஒரு பிளேன் டீ வாங்கிக் கொடுத்தேன்.

"தொட்ட உடன கை ரெண்டும் தானாப் பின்னால போச்சுது, தங்கச்சி" என்றார். "ஒருத்தரும் சொல்லேல்லை. நானாக் கொண்டு போய்ட்டன்."

"பிறகு?"

"நீதவான் ஐயா பேரைக் கேட்டார். எழுதினார். நீங்கள் போகலாம் எண்டார்." கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அதையே இன்னொரு முறை சொன்னார். "போகலாம் எண்டார்."

அப்போது அந்த அம்மா வெளியே வந்தார். கூட வந்த பொலிஸ்காரர் ஓட்டோ பிடிக்கப் போயிருந்தார். சுதனைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "பிள்ளை, இவர் இல்லையாமே? நான் பிழையான ஆளைத் தொட்டுப்போட்டனாம்."

எதிர்த்தரப்புச் சாட்சியோடு கதைக்கக்கூடாது. இந்த வேலையில் மீறவே கூடாத சட்டம் அது. வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்தேன். என் வாழ்நாளில் நான் செய்த மிகக் கஷ்டமான வேலை அந்தச் சுவரைப் பார்த்ததுதான்.

சுதனுக்கு அப்படி ஒரு சட்டமும் இல்லை. வாங்கில் ஒரு பக்கம் ஒதுங்கினார். "இருங்கோ அம்மா. உங்களுக்குக் கால் நடுங்குது."

அவர் இருந்தார். சுதனின் கையில் இருந்த கோப்பையைப் பார்த்தார். "உமக்கு மட்டும் நடுங்கேல்லையோ?" என்றார். தேநீர் சேர்ட்டில் சிந்தியிருந்தது. சுதன் குனிந்து பார்த்தார், சிரித்தார். அம்மா கைப்பையைத் திறந்து, துடைக்கத் தன் லேஞ்சியை எடுத்துக் கொடுத்தார்.

மேல் மாடியில் எங்கள் பாகப்பிரிவினை வழக்கைக் கூப்பிடுவது கேட்டது. இருவரையும் அப்படியே விட்டுவிட்டு ஃபைலோடு ஓடினேன்.